பார்வைக்கு ஒரு விரதம்

இருட்டான ஒரு பெரிய அறை. எதிர்ச்சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் பனிமலைகள். கேமராவைக் கையில் பிடித்தபடி யாரோ ஓடிக்கொண்டே எடுத்தது போல அவை தாறுமாறாகக் குலுங்குகின்றன. கூடவே காதை அடைக்கும் காற்றின் இரைச்சல். அறையின் நடுவில் கறுப்பாக ஒரு கூண்டு, ஒருவர் முடங்கிக் கிடக்கலாம் என்கிற அளவில். அதற்குச் சின்னதாக ஒரு சன்னல். உள்ளே நுழைய வழி கிடையாது. குனிந்து முகத்தைச் சன்னலருகே கொண்டுபோனால்தான் உள்ளே இருப்பது தெரியும். மண் பரப்பிய தரை, சிறிய மேசை, அதன்மேல் ஓர் உலோகக் கூஜா, ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர், உள்ளங்கை அகலத்தில் ஒரு டிவி. அதிலும் பனிமலைதான், ஆனால் வண்ணத்தில், ஆடாமல் அசையாமல். அப்போதுதான் ஒரு குரலும் காதில் விழுகிறது: ஸ்பானிய மொழியில் யாரோ தணிந்த தொனியில் கவிதை சொல்லிக்கொண்டிருக்கிறார். நிமிர்ந்து நின்றால் அந்தக் குரலைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். அமெரிக்க வீடியோ கலைஞர் பில் வயோலா 1983இல் அமைத்த இந்த நிறுவலின் பெயர் ‘புனித சிலுவை யோவானுக்கு ஓர் அறை’. யோவான் 16ஆம் நூற்றாண்டின் கார்மேல் சபைத் துறவி. சபையைச் சீர்திருத்த முனைந்ததற்காகச் சபையாரே அவரை 1577 இறுதியில் பிடித்துக்கொண்டுபோய் டொலேடோ நகர மடத்தின் சிற்றறை ஒன்றில் அடைத்தார்கள். ஏறக்குறைய ஒன்பது மாதம், சவுக்கடியோடு. கிறித்தவ உலகின் மகத்தான காதல் கவிதைகள் சில அந்தப் பொந்தில்தான் பிறந்தன.

வயோலா 2024 ஜூலையில், 73ஆவது வயதில் காலமானார். அவரைப் பற்றிய குறிப்புகளில் ‘ஆன்மிகக் கலைஞர்’ என்ற சொல் தவறாமல் வந்துவிடுகிறது. அந்தச் சொல்லை நாம் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. ஊதுவத்தி வாசனைக்கும் யோகா வகுப்புக்கும் விமான நிலையத்தில் விற்கும் புத்தகத்துக்கும் ஒரே அடைமொழி என்று ஆகிவிட்ட பிறகு அது எதையும் குறிப்பதில்லை. வயோலாவுடைய ஆன்மிகம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் அவருடைய உருவங்களைக் காட்டுவார்கள்: நீரில் மூழ்கி எழும் மனிதர்கள், நெருப்பு, பிறப்பு, சாவு. ஜப்பானில் ஒன்றரை ஆண்டு தங்கி டாய்என் தனாக்கா என்ற ஜென் குருவிடம் பயின்றது, மறைஞானிகளான ரூமியையும் எக்கார்ட்டையும் படித்தது ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்வார்கள். இவை எல்லாம் உண்மை. ஆனால் நீரையும் நெருப்பையும் காட்டுகிற எவரும் ஞானியாகிவிடுவதில்லை. சோப்பு விளம்பரத்திலும் நீர் உண்டு. நான் சொல்ல வருவது வேறு. வயோலாவின் நல்ல படைப்புகள் நம்மிடம் நம்பிக்கையைக் கேட்பதில்லை. உடம்பையும் நேரத்தையும் கேட்கின்றன. குனியச் சொல்கின்றன, காத்திருக்கச் சொல்கின்றன. பார்வைக்கு ஒரு விரதத்தை விதிக்கின்றன என்று சொன்னால் பொருந்தும். அவற்றின் சமயத்தன்மை அந்த விதிப்பில் இருக்கிறது. விதிக்க மறந்து உருவத்தை மட்டும் நீட்டுகிற இடங்களில் அவரும் சறுக்குகிறார்.

நேரம் என்று சொன்னதும் அவருடைய மெதுவாக ஓடும் படங்கள் நினைவுக்கு வரும். 1995 வெனிஸ் பியனாலேயில் அமெரிக்க அரங்கில் காட்டப்பட்ட ‘வாழ்த்து’ அவற்றுள் முதன்மையானது. இத்தாலிய ஓவியர் பொன்டோர்மோ 1520களின் இறுதியில் வரைந்த ஒரு பலிபீட ஓவியம் அதற்கு மூலம். கருவுற்ற மரியா, தானும் கருவுற்றிருக்கும் எலிசபெத்தைச் சந்திக்கும் காட்சி. வயோலா மரியாவையும் எலிசபெத்தையும் எடுத்துவிட்டு, தெருவோரம் பேசிக்கொண்டு நிற்கும் இரண்டு பெண்களையும் அங்கே வந்து சேரும் மூன்றாமவளையும் வைத்தார். நடந்தது மொத்தம் முக்கால் நிமிடம். சினிமா கேமரா நொடிக்கு 24 சட்டகம் பிடிக்கும்; இதற்கு நொடிக்கு 300 பிடித்தார்கள். எனவே முக்கால் நிமிடம் திரையில் ஏறக்குறைய பத்து நிமிடமாக நீள்கிறது. வந்தவள் ஒருத்தியின் காதில் எதையோ கிசுகிசுக்கிறாள். பக்கத்தில் நிற்பவளின் முகத்தில், தன்னை விட்டுவிட்டார்களே என்ற சுணக்கம் அரும்புகிறது, மறைகிறது, பிறகு சமாளித்துச் சிரிப்பாகிறது. நம் வீட்டு வாசலில் தினமும் நடக்கும் சங்கதி. நடக்கிற வேகத்தில் நடக்கும்போது அது யார் கண்ணிலும் படுவதில்லை, அந்தப் பெண்ணின் கண்ணிலேயே படாது. காற்றில் உப்பும் ஆரஞ்சு உடையும் அந்தச் சுணக்கமும் ஒரே மரியாதையோடு நம் முன் விரிகின்றன. வருகையின் பரிசுத்தத்தைச் சொல்ல ஒளிவட்டம் தேவைப்படவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், அதுவும் நியாயமானது. எதையும் மெதுவாக ஓட்டினால் புனிதமாகத்தான் தெரியும். கதாநாயகன் தலைமுடியைக் கோதுவதையும் பந்து ஸ்டம்பில் படுவதையும் மெதுவாகக் காட்டி நம் கண்களைப் பழக்கிவிட்டார்கள். வயோலா செய்ததும் அதே வித்தைதானே? ஒரு வித்தியாசம் இருக்கிறது. சினிமாவில் வேகம் குறைவது, முக்கியமானது இது என்று சுட்டிக்காட்ட. அதற்கு முன்னும் பின்னும் வேகம் இருந்தால்தான் அந்தச் சுட்டல் வேலை செய்யும். வயோலாவிடம் முன்பின் கிடையாது. எங்கே பார்க்க வேண்டும் என்று அவர் சொல்வதும் கிடையாது. அதனால் பார்ப்பவருக்கு முதலில் வருவது பக்தி ஆகாது, சலிப்பு. அந்தச் சலிப்பைத் தாண்டினால்தான் முகத்தில் அரும்பும் சுணக்கம் தட்டுப்படும். தியானத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவரும் அதுதான். ஆனாலும் ஆட்சேபத்தில் பாதியை ஒப்புக்கொள்ள வேண்டும். 2000க்குப் பிறகு, ‘பேஷன்ஸ்’ வரிசையில் அவர் நடிகர்களைத் துக்கம், வியப்பு, கோபம் என்று நடிக்கவைத்து மெதுவாக்கியபோது சில இடங்களில் அந்த வித்தை வித்தையாகவே நின்றுவிட்டது. உணர்ச்சியை ஊதிப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டால் நாம் கண்டுபிடிக்க மிச்சம் என்ன இருக்கிறது?

மெதுவாக ஓட்டுவது இல்லாமலேயே அவர் காத்திருக்க வைத்திருக்கிறார் என்பதுதான் என் வாதத்துக்கு வலுவான சான்று. 1979இல் எடுத்த ‘சோட் எல் ஜெரிட்’ துனிசியாவின் உப்புப் பாலைவனத்தில் கானலைப் பார்க்கும் படம். தொலைநோக்கு லென்ஸை வெப்பக் காற்றின் ஊடாகத் தொடுவானத்தை நோக்கித் திருப்பி வைத்துவிட்டார். ஒரு கறை நடுங்குகிறது, இரண்டாகப் பிரிகிறது, நீர்போல் உருகி மறுபடி சேர்கிறது. வெகுநேரம் கழித்துத்தான் அது தூரத்தில் வரும் ஒரு மனிதன் என்றோ வண்டி என்றோ பிடிபடும். கயிற்றைப் பாம்பென்று காணும் உவமையில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பார்த்ததும் மாயாவாதம் என்று முத்திரை குத்தக் கை பரபரக்கும். பொறுக்க வேண்டும். கயிறு தெரிந்ததும் பாம்பு போய்விடும். ஆனால் கானல், கானல் என்று தெரிந்த பிறகும் தெரிந்துகொண்டேதான் இருக்கும். கண்ணின் பிழை இல்லை அது, ஒளி வளைவதால் உண்மையாகவே லென்ஸில் விழும் பிம்பம். உலகம் பொய் என்று இந்தப் படம் சொல்லவில்லை. நாம் ‘மனிதன்’, ‘வண்டி’ என்று பெயர் வைக்க எவ்வளவு அவசரப்படுகிறோம் என்பதை நமக்கே காட்டிக்கொடுக்கிறது. பெயர் வைப்பதைத் தள்ளிப்போடுவது ஓர் ஒழுக்கம். பல சமயங்களின் மறைஞானிகளும் அதைப் பயிற்சியாகக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒலியை மறந்துவிட்டு இவரைப் பேசுவது பாதியை விட்டுவிடுவதாகும். வயோலாவின் கலையில் தொடக்கக் காலத்திலேயே ஒலிக்குப் பெரிய இடம் இருந்தது. 1970களில் டேவிட் ட்யூடரின் இசைக்குழுவில் மின்னணு ஒலிகளோடு வேலை செய்தார். ஃப்ளாரன்ஸ் நகரில் வீடியோ நிலையம் ஒன்றில் பணியாற்றிய நாள்களில் அங்குள்ள தேவாலயங்களுக்குள் போய், வெறும் அறையின் முழக்கத்தைப் பதிவுசெய்தார். வீடியோவின் மூதாதை சினிமா கேமரா இல்லை, மைக்ரோஃபோன் என்பது அவருடைய கருத்து. கண்ணுக்கு முன் மட்டும்தான் உண்டு. காதுக்கு முன், பின், மேல், கீழ் எல்லாம் உண்டு. கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு இல்லை. 1996இல் இங்கிலாந்தின் டர்ஹம் பேராலயத்தில் மேற்கு வாயில் கதவின் மீது ‘தூதன்’ என்ற படத்தைக் காட்டினார்கள். ஆழமான நீரிலிருந்து ஓர் ஒளிப்புள்ளி மேலேறி ஓர் ஆணின் நிர்வாண உடலாகிறது, நீர்ப்பரப்பைக் கிழித்து வெளியே வந்து ஒரு முறை மூச்சு வாங்குகிறது, மறுபடி அமிழ்கிறது. நிர்வாணத்தின் மேல் புகார் வரலாம் என்று காவல்துறை எச்சரிக்க, படத்தைச் சுற்றித் தட்டி வைத்தார்கள், விரும்பாதவர்கள் பார்க்காமல் போகட்டும் என்று. சுவையான ஏற்பாடு. உடம்பை மறைத்தாயிற்று, அந்த மூச்சை? தட்டி எதுவும் மூச்சுச் சத்தத்தைத் தடுக்காது. நூற்றாண்டுகள் பழைய கல் மண்டபத்தில் யாரோ ஒருவர் சாவிலிருந்து திரும்பி வந்ததுபோல மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. அங்கே சமய அனுபவம் எதுவென்று கேட்டால் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்குக் கிடைத்ததே அது என்பேன்.

கனமான ஆட்சேபம் இனிமேல்தான், அது வயோலா மதித்துப் படித்த ஒருவரிடமிருந்தே வருகிறது. கொழும்பில் 1877இல் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, பிற்காலத்தில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பல்லாண்டுகள் பணியாற்றியவர். கலைப் பொருள்களை ஏன் காட்சிக்கு வைக்கிறோம் என்று அருங்காட்சியகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே கேட்டவர் அவர். அவர் பார்வையில் ஒரு படிமம் ஒரு காரியத்துக்காகச் செய்யப்படுவது. வழிபடச் செய்த சிலையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ‘ஆகா’ என்பது, உளியைச் சுவரில் மாட்டி ரசிப்பது போன்றது. கலைஞனின் தனிப்பட்ட உணர்ச்சி வெளிப்பாடு என்ற நவீனக் கொள்கை அவருக்குப் பிடிக்கவே இல்லை. இந்த அளவுகோலை வைத்தால் வயோலாவின் கதி என்ன? அவர் படைப்புகள் எந்த வழிபாட்டுக்கும் உரியவை இல்லை, எந்தச் சபையும் கேட்டுச் செய்தவை இல்லை (பிற்காலத்தில் சில தேவாலயங்கள் கேட்டன, அதற்கு வருகிறேன்). கிறித்தவத்திலிருந்து ஒரு துண்டு, சூஃபியிலிருந்து ஒரு துண்டு, ஜென்னிலிருந்து ஒரு துண்டு. எந்த வீட்டிலும் குடியிருக்காமல் எல்லா வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து எழுந்தவர் என்று ஒருவர் சொன்னால் மறுப்பது எளிதில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க அவருடைய படைப்பிலேயே ஓர் இடம் இருக்கிறது, நமக்கு மிக நெருக்கமான இடம். 1986இல் முடித்த, 89 நிமிடம் ஓடும் அந்தப் படத்தின் தலைப்பே ரிக்வேதத்திலிருந்து எடுத்தது. நான் எதைப் போன்றவன் என்று அறியேன் என்பது அதன் பொருள். வர்ணனைக் குரல் கிடையாது. புல்வெளியில் மேயும் காட்டெருமைகள், மிருகக்காட்சிச் சாலைப் பறவைகள், இரவில் மேசை விளக்கடியில் தனித்திருக்கும் மனிதன் என்று போகிற படம் கடைசிப் பகுதியில் பிஜி தீவின் சுவா நகரத்து மகாதேவி கோவிலின் தீமிதிக்கு வந்து சேர்கிறது. 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் கையோடு கொண்டுபோன அம்மன் அவள். பாரதி கண்ணீர் விட்ட அதே பிஜி. அலகு குத்திய கன்னங்கள், மஞ்சள் உடுப்பு, கனல், அதன்மேல் பாதங்கள். வயோலா எதையும் விளக்கவில்லை; தள்ளி நின்று பார்க்கிறார். இங்கே குமாரசுவாமியின் கேள்வி நேராக வந்து முகத்தில் அறைகிறது. பூக்குழியில் இறங்குபவர் பத்து நாள் காப்புக் கட்டி, புலால் நீக்கி, கோவிலே கதியென்று கிடந்துவிட்டு வருகிறார். பிள்ளைக்குச் சுகமானதற்கோ கடன் அடைந்ததற்கோ அம்மனிடம் ஒரு வாக்கு இருக்கிறது. கனல் அந்தக் கணக்கின் கடைசி வரி. கேமராவுக்குக் கிடைப்பது அந்தக் கடைசி வரி மட்டும். கேலரியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அம்மனோடு எந்த வாய்தாவும் இல்லை.

ஆனால் வயோலா இதை அறியாமல் செய்தார் என்று சொல்ல முடியாது. தீமிதிக்கு வெகுநேரம் முன்பே, பறவைகள் பகுதியில், கேமரா ஓர் ஆந்தையின் கண்ணை நெருங்கிக்கொண்டே போகிறது. கண்மணி திரை முழுக்க வந்ததும் அதற்குள் ஒரு சின்ன உருவம் தெரிகிறது: கேமராவோடு நிற்கும் வயோலா. கோவிலுக்குப் போகிறவர் சாமியைப் பார்க்க மட்டும் போவதில்லை. சாமி கண்ணில் தான் படவும் போகிறார். தரிசனம் இருவழிப் பாதை. ஆந்தைக் கண்ணில் வயோலாவுக்குக் கிடைத்தது அதன் இரண்டாம் பாதி, ஆனால் அருள் இல்லாமல். ஆந்தைக்கு அவர் மேல் அக்கறை ஏதுமில்லை. தான் பார்க்கப்படுகிறோம், ஆனால் எதுவாகப் பார்க்கப்படுகிறோம் என்று தெரியவில்லை. படத்தின் தலைப்பு அங்கேதான் பொருள்படுகிறது. அதைப் பார்த்துவிட்டுத் தீமிதிக்கு வருகிறவருக்கு, அந்தக் கனல் தனக்குச் சொந்தமில்லை என்பது உறைக்கும். இது அம்மனைத் திருடி மாட்டிய ஓவியம் ஆகாது. தனக்கு விரதம் இல்லை என்று தெரிந்தவன், அதை வைத்திருப்பவர்களை வாசலில் நின்று பார்ப்பது. திண்ணையில் உட்கார்ந்து எழுந்தவர் என்ற குற்றச்சாட்டுக்கு என் பதிலும் இதுவே: உள்ளே வந்ததாக அவர் பாவனை செய்யாத வரை திண்ணை ஒரு கௌரவமான இடம்தான். குமாரசுவாமி இதில் சமாதானம் அடைந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் படிமத்துக்கு ஒரு காரியம் வேண்டும் என்ற அவர் நிபந்தனை இங்கே நிறைவேறுகிறது. விரதம் இல்லாதவர்களின் காலத்தில், அது இல்லை என்று உணரவைப்பதும் ஒரு காரியம்.

பாவனை செய்த இடமும் உண்டு. 2014இல் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் நிரந்தரக் காட்சியாக அமைந்த ‘மறைசாட்சிகள்’, நான்கு செங்குத்துத் திரைகளில் நான்கு பேர் மண்ணாலும் காற்றாலும் நெருப்பாலும் நீராலும் வதைபடுவதைக் காட்டுகிறது. சுமார் ஏழு நிமிடம். அழகான உடல்கள், அழகான ஒளி, முடிவில் மேலிருந்து இறங்கும் வெளிச்சத்தை நோக்கி நிமிரும் முகங்கள். வதை இவ்வளவு சுத்தமாக இருக்க முடியாது. மறைசாட்சி ஒருவர் எதற்காகச் சாகிறார் என்பது இல்லாமல் சாவை மட்டும் காட்டினால் மிஞ்சுவது சகிப்புத்தன்மையின் சித்திரம். ஏழு நிமிடம் முடிந்ததும் அது மறுபடி தொடங்குகிறது என்பது இன்னொரு சங்கடம். வயோலாவின் படங்கள் சுழன்று ஓடுவதைப் பிறவிச் சுழல் என்று வியப்பவர்கள் இருக்கிறார்கள். வினை இல்லாமல் ஏது பிறவி? மறுபிறவிக் கொள்கையில் இரண்டாம் பிறப்பு முதலாவதைப் போல இருக்காது. முன்பு செய்தது கணக்கில் ஏறியிருக்கும். திரையில் திரும்பி வருவது அதே ஏழு நிமிடம், ஒரு மயிரிழை மாறாமல். அதைச் சம்சாரத்தோடு ஒப்பிடுவதைவிட நித்திய பூசையோடு ஒப்பிடலாம்: நேற்றுச் செய்ததையே இன்றும் செய்வது, பார்க்க ஆள் வந்தாலும் வராவிட்டாலும்.

1991இல் வயோலாவின் தாய் நினைவிழந்து மரணப் படுக்கையில் கிடந்தபோது அவர் கேமராவோடு பக்கத்தில் இருந்தார். மறு ஆண்டு அந்தக் காட்சி ‘நான்ட் முப்படலம்’ என்ற நிறுவலில் இடம்பெற்றது. இடப்பக்கத் திரையில் ஒரு பெண் பிள்ளை பெறுகிறாள், வலப்பக்கத்தில் தாய் சாகிறாள், நடுவே நீருக்குள் உடையோடு ஒரு மனிதன் மிதக்கிறான். தேவாலயப் பலிபீடங்களில் மூன்று பலகையாக வரையும் முறை. நடுப்பலகையில் வழக்கமாகக் கிறிஸ்துவோ மரியாவோ இருப்பார்கள். சாகிற தாயைப் படம் பிடிக்க ஒரு மகனுக்கு மனம் வருமா என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த உரிமை அவளிடம் கேட்டுப் பெற்றதாக இருக்க முடியாது. ஆனால் வலப்பக்கத் திரையில் அவர் எதையும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒளியமைப்பு இல்லை, நடிப்பு இல்லை, மேலிருந்து இறங்கும் வெளிச்சம் இல்லை. வாய் திறந்தபடி ஒரு கிழவி, மூச்சு. ஏறத்தாழ அரை மணி நேரம் அவ்வளவுதான். சாவீட்டில் உடலருகே விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள் எதையும் செய்வதில்லை; எழுந்து போகாமல் இருக்கிறார்கள். அதே வேலையைத்தான் இந்தத் திரைக்கு எதிரே, முன்பின் தெரியாதவர்களிடம் அவர் கேட்கிறார். செயின்ட் பாலில் அவர் கொடுத்த ஒளியைவிட இங்கே கொடுக்காமல் விட்டது அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

யோவானின் அறையிலும் இப்படித்தான். வயோலா அந்தத் துறவியின் முகத்தைக் காட்டவில்லை, சவுக்கைக் காட்டவில்லை, கவிதைக்கு மொழிபெயர்ப்பும் ஓடவிடவில்லை. ஸ்பானியம் தெரியாதவர் சன்னலில் குனிந்து நின்றாலும் கேட்பது ஒரு மனிதக் குரல், அவ்வளவே. முதுகுக்குப் பின்னால் மலைகள் குலுங்கிக்கொண்டிருக்கின்றன. உள்ளே கூஜாவுக்குப் பக்கத்தில், ஒருவருக்காக ஊற்றி வைத்த தண்ணீர் தளும்பாமல் நிற்கிறது.